கொட்டையை வெட்டிப் பார்க்காமல் மூட்டை வாங்குவோமா? கடலூர் வியாபாரிகள் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அண்ணன்மார்களுக்கும் சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பாதிரிப்புலியூரில் நடந்த கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த அந்தத் தம்பி திரையில் படம் போட்டு, "5,000 பேக்லிங்க், மூணே மாசத்துல கூகுள் முதல் பக்கம், கேரண்டி" என்று சொன்னதும் பாதிப் பேர் கை தட்டினோம். நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர் தட்டினாரே என்றுதான். பேக்லிங்க் என்றால், வேறு வெப்சைட்டுகளில் நம் கடை வெப்சைட்டுக்குப் போட்டுத் தருகிற லிங்க்; அதை அழுத்தினால் நம் பக்கம் திறக்கும். வெப்சைட் வைத்திருக்கும் 40 கடைக்கும் ஆளுக்கு 6,000 ரூபாய், மொத்தம் 2,40,000 ரூபாய், அதில் பாதியைச் சங்கக் கணக்கிலிருந்து முன்பணமாகக் கொடுப்பது என்று பொருளாளர் அண்ணன் படித்தார். வருகிற பொதுக்குழுவில் தீர்மானமாக வரப்போகிறது.

அன்றைக்கே எழுந்து பேசியிருக்க வேண்டும். பேசாததற்குக் காரணம் வெட்கம். அந்தத் தம்பி விற்க வந்த சரக்கை நான் 2011-லேயே காசு கொடுத்து வாங்கியவன். வாங்கி ஒரு வெப்சைட்டையே பறிகொடுத்தவன். வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிந்த விஷயம், இன்றைக்கு உங்கள் எல்லோருக்கும் தெரிகிறது. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் காலை வணக்கப் பூப்படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால்தான் இப்படி எழுதுகிறேன். நம் சங்கத்தில் இல்லாத கடைக்காரர்களும் படித்தால் நல்லதுதான்.

கூட்டத்தில் செயலாளர் அண்ணன் நேரடியாக ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, லிங்க் வாங்கினா ரேங்க் ஏறுமா, ஏறாதா?" அவர் "நூத்துக்கு நூறு ஏறும் சார்" என்றார். என்னைக் கேட்டால், சில சமயம் ஏறும் என்பேன். ஏறவே ஏறாது என்றால் இந்த வியாபாரம் என்றைக்கோ படுத்திருக்கும். எது ஏற்றும், எது ஏற்றாது, ஏறினது எத்தனை நாள் நிற்கும் என்று வாங்குகிறவனால் கண்டுபிடிக்க முடியாது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முதலில், லிங்க்குக்கு ஏன் இந்த மவுசு? கூகுளுக்கு முன்பு இருந்த தேடுபொறிகள் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தன. "முந்திரி, முந்திரி, முந்திரி" என்று நூறு தடவை எழுதினவன் மேலே வந்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜ், செர்கி பிரின் இருவரும் 1998-ல் வேறு ஒரு கணக்கைச் சொன்னார்கள். ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையை வேறு எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்பதை வைத்து அதன் மதிப்பை எடை போடுவார்கள் இல்லையா, அதே மாதிரி ஒரு பக்கத்துக்கு வேறு எத்தனை பக்கங்கள் லிங்க் கொடுக்கின்றன, கொடுக்கிறவர்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்று பார்க்கலாம் என்றார்கள். அதற்குப் பேஜ்ரேங்க் என்று பெயர் வைத்தார்கள். பக்கத்துக்கும் பேஜ், ஆளுக்கும் பேஜ்.

நமக்கு இது புதிதே இல்லை. வெளியூர்க்காரர் ஒருவர் பாடலீஸ்வரர் கோயில் வாசலில் நின்று "நல்ல முந்திரி எங்கே கிடைக்கும்?" என்று நாலு பேரிடம் கேட்கிறார். மூன்று பேர் ஒரே கடையைக் கை காட்டினால் அங்கே போவார். கை காட்டினவர்களில் ஒருவர் நாற்பது வருஷம் முந்திரி ஏலத்தில் நின்றவர் என்று தெரிந்தால் இன்னும் நம்பிக்கை. கூகுள் செய்ததும் அதைத்தான். கை காட்டலுக்கு மதிப்பு வந்தவுடனே, காசு கொடுத்தால் கை காட்டுகிற ஆட்களும் வந்துவிட்டார்கள். கோயில் வாசலில் நாலு ஆளைக் கூலிக்கு நிறுத்துவது போலத்தான். அவர்கள் கூலிக்கு நிற்கிறார்கள் என்று கேட்கிறவருக்குத் தெரியாத வரைக்கும் வியாபாரம் நடக்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2010-ல் எங்கள் மஞ்சக்குப்பம் கடைக்கு ஆங்கிலத்தில் ஒரு வெப்சைட் போட்டேன். ஆறு மாதத்தில் வந்த ஆர்டர் இரண்டு. அதில் ஒன்று என் மைத்துனர் போட்டது. 2011 நடுவில் ஒரு கம்பெனிக்காரர் போன் செய்து, 15,000 ரூபாய்க்கு 1,000 லிங்க் என்றார். கொடுத்தேன். ஏழெட்டு வாரத்தில், பண்ருட்டி முந்திரி ஆன்லைனில் வேண்டும் என்று ஆங்கிலத்தில் தேடினால் மூன்றாம் பக்கத்தில் கிடந்த என் கடை முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது, அந்தத் தீபாவளி நல்ல தீபாவளி. சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு என்று பார்சல் போட்டு மாளவில்லை.

அப்புறம் டிசம்பர் 30, தானே புயல். அந்த விடியற்காலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்த தோப்புகளை நாம் எல்லோரும் சேர்ந்துதான் பார்த்தோம். கரண்ட் வந்து, தபால் ஓடி, நிலைமை கொஞ்சம் தேறிய பிறகு எனக்கு ஆர்டர் வருவது மட்டும் நிற்கவில்லை. வெளியிலிருந்து கொட்டை வாங்கி உடைத்து அனுப்பினேன். அந்த நாலு மாதத்தில் கடையைக் காப்பாற்றியது வெப்சைட்தான். அதனால்தான் அடுத்து நடந்தது அவ்வளவு வலித்தது.

2012 ஏப்ரல் 24-ம் தேதி கூகுள் ஒரு மாற்றம் கொண்டு வந்தது. அதற்குப் பெயர் பென்குவின். காசு லிங்க் மாதிரிக் குறுக்கு வழியில் ஏறின தளங்களைக் கீழே தள்ளுகிற மாற்றம் அது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதத்தை இது தொடும் என்று அவர்களே சொன்னார்கள். கேட்பதற்குச் சின்ன எண்தான். அந்த மூன்று சதவீதத்துக்குள் நான் இருந்தேன். ஒரு வாரம் ஆர்டர் வரவில்லை. சர்வர் கோளாறு என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் நெட் கனெக்‌ஷன் சரியில்லை என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு பிரவுசிங் சென்டரில் போய்த் தேடினேன். பத்துப் பக்கம் புரட்டியும் என் கடை இல்லை.

லிங்க் விற்றவருக்குப் போன் செய்தேன். "அல்காரிதம் அப்டேட் சார், இன்னொரு பேக்கேஜ் போட்டா ஏறிடும்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் செய்த மடத்தனம் என்ன என்று.

பச்சைக் கொட்டை மூட்டை வாங்கும்போது நாம் என்ன செய்வோம்? ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததோ, நம் பக்கத்துத் தோப்பிலிருந்து வந்ததோ, மேல் மூட்டை, நடு மூட்டை, அடி மூட்டை என்று பார்த்து மாதிரி எடுப்போம். கொட்டை வெட்டும் கருவியில் வைத்து ஒவ்வொன்றாக இரண்டாகப் பிளப்போம். நல்ல பருப்பு எத்தனை, சொத்தை எத்தனை, பொக்கு எத்தனை என்று எண்ணிவிட்டுத்தான் விலை பேசுவோம். எங்க அப்பா சொந்த மச்சான் கொண்டு வந்த மூட்டையைக்கூட வெட்டிப் பார்க்காமல் எடை போட்டதில்லை. அவர் பையனாகிய நான் 1,000 லிங்க் வாங்கினேன், ஒன்றைக்கூட வெட்டிப் பார்க்கவில்லை!

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து அவர் அனுப்பிய எக்செல் கோப்பைத் திறந்தேன். மேலே, நடுவே, அடியில் என்று 50 லிங்க்கை எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 22 திறக்கவே இல்லை. அந்த வெப்சைட்டே இல்லை. பதினொன்று, ஒரே பக்கத்தில் முந்நூறு நானூறு முகவரியை வரிசையாகக் கொட்டி வைத்திருந்த குப்பைத் தொட்டிகள். என் முந்திரிக்கு மேலே சூதாட்டம், கீழே மாத்திரை. சில, எந்த நாட்டு எழுத்து என்றே எனக்குத் தெரியாத பக்கங்கள். மீதியில் ஒரே கட்டுரை பல வேஷத்தில் இருந்தது. முந்திரியின் நன்மைகள் பற்றி யாரோ எழுதியதை எடுத்து, திருட்டு தெரியாமல் இருக்க எந்திரத்தை வைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தார்கள். ஆங்கிலத்தில் 'நட்' என்றால் கொட்டை, கிறுக்கன் இரண்டும் உண்டு. எந்திரத்துக்கு அது தெரியுமா? "தினமும் ஐந்து கிறுக்கர்களைச் சாப்பிட்டால் இதயத்துக்கு நல்லது" என்று எங்கள் கடைப் பெயரோடு போட்டிருந்தது. எங்க அப்பா பெயர் வைத்த கடை அது.

ஐம்பதில் ஒன்றுகூட, ஒரு மனிதர் படித்துவிட்டு நம் கடைக்கு வருவார் என்று சொல்லத்தக்கதாக இல்லை. இப்படி ஒரு மூட்டை வந்தால் நாம் இறக்கவே விடமாட்டோம்.

பிறகு அந்தக் குப்பையை அள்ளுகிற வேலை. எடுத்துவிடுங்கள் என்று அந்தத் தளக்காரர்களுக்கெல்லாம் மெயில் அனுப்பினேன். பலர் பதிலே போடவில்லை. இரண்டு பேர் எடுப்பதற்குப் பத்து டாலர் கேட்டார்கள். போட்டதற்கும் காசு, எடுப்பதற்கும் காசு. "இந்த லிங்க்குகளை என் கணக்கில் சேர்க்காதே" என்று பட்டியல் கொடுக்கிற வசதியைக் கூகுள் 2012 அக்டோபரில் கொண்டு வந்தது. கொடுத்தேன். ஆனால் பென்குவின் அப்போது நினைத்தபோதுதான் மறுகணக்குப் போடும். 2014 அக்டோபரில் போட்ட பிறகு அடுத்தது 2016 செப்டம்பரில்தான். அவ்வளவு நாள் எவன் காத்திருப்பான்? நான் 2013-லேயே அந்த முகவரியை விட்டுவிட்டுப் புது முகவரி வாங்கினேன். பழைய முகவரி அச்சடித்த கவர்கள் கிடங்கில் இன்னும் இரண்டு கட்டு இருக்கின்றன. பின்பக்கத்தில் பாக்கிக் கணக்கு எழுதிக்கொள்கிறோம்.

இது ஏமாந்த சின்னக் கடைக்காரன் கதை, பெரியவர்கள் விவரமாகச் செய்வார்கள் என்று யாராவது நினைக்கலாம். அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்ற பெரிய சில்லறை வியாபாரி, 2010 கடைசியில் பண்டிகைக் காலம் முழுக்கத் துணி முதல் பெட்டி வரை ஏராளமான தேடல்களில் முதலிடத்தில் இருந்தது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு லிங்க் போடப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியில் கொண்டு வந்தது. கூகுள் கை வைத்ததும், ஒரு பெட்டி வகைத் தேடலில் முதலிடத்தில் இருந்தவர்கள் இரண்டு மணி நேரத்தில் 71-ம் இடத்துக்குப் போனார்கள். தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று அந்தக் கம்பெனி சொன்னது. லிங்க் வேலையைச் செய்த ஆட்களை நிறுத்தியது. அடுத்த வருஷம், விளம்பரப் பதிவுகளில் லிங்க் போட்டதற்காகக் கூகுள் தன் சொந்த க்ரோம் பக்கத்தையே 60 நாள் கீழே தள்ளி வைத்தது. 2013-ல் பிரிட்டனில் இன்டர்ஃப்ளோரா என்ற பூக்கடை நிறுவனம். உள்ளூர்ப் பத்திரிகைகளின் இணையதளங்களில் செய்தி மாதிரி விளம்பரம் கொடுத்து லிங்க் வாங்கியது. தன் பெயரைத் தேடினால்கூடக் கிடைக்காமல் 11 நாள் காணாமல் போனது. அதோடு நிற்கவில்லை, லிங்க் விற்ற பத்திரிகைத் தளங்களின் மதிப்பையும் கூகுள் குறைத்தது.

அந்தப் பூக்கடை பதினோரு நாளில் திரும்பி வந்ததைக் கவனியுங்கள். பெரிய கடை ஒன்று தேடலில் வராவிட்டால் தேடுகிறவன் கூகுளையே குறை சொல்வான். என் கடை இல்லாததை யார் கவனித்தார்கள்? என் மைத்துனர்கூடக் கேட்கவில்லை.

கூட்டத்தில் நம் சங்கத்து இளைஞர் ஒருவர் இதை லேசாகக் கேட்டார். அந்தத் தம்பி உடனே, "சார், அது பழைய காலம், இப்பல்லாம் பெனால்டி கிடையாது" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. 2016-ல் வந்த நான்காவது பென்குவினிலிருந்து, கெட்ட லிங்க்குக்காகத் தளத்தைக் கீழே தள்ளுவதைவிட அந்த லிங்க்கைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் வழக்கம். 2022 டிசம்பரில் ஸ்பாம்பிரெய்ன் என்ற கணினி ஏற்பாட்டை வைத்துக் காசுக்குப் போட்ட லிங்க்குகளையும், லிங்க் விற்பதற்கென்றே நடத்தப்படும் தளங்களையும் அடையாளம் கண்டு அவற்றின் பலனைப் பூஜ்யமாக்குவதாகக் கூகுள் அறிவித்தது. ஆளைப் போட்டுக் கையால் தண்டனை கொடுக்கிற வழக்கமும் போகவில்லை. அப்படி நடந்தால், வெப்சைட் வைத்திருப்பவருக்குக் கூகுள் தருகிற சர்ச் கன்சோல் என்ற பக்கத்தில் அறிவிப்பு வரும்.

பெனால்டி குறைந்தது வாங்குகிறவனுக்கு நல்லதா? எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. எனக்கு விழுந்த அடி தெரிகிற அடி. ஏப்ரல் 24 என்று தேதி சொல்ல முடிகிறது. இப்போது வாங்குகிறவனுக்குப் பெரும்பாலும் எதுவுமே நடக்காது. 5,000 லிங்க் போட்டாச்சு என்று விற்றவர் அறிக்கை கொடுப்பார். அதில் 5,000 வரி இருக்கும். ஒவ்வொரு வரியும் உண்மையாகவே இருக்கும். கூகுள் அதில் ஐயாயிரத்தையும் தள்ளுபடி செய்திருந்தாலும் நமக்குச் சொல்லாது. பொக்கு மூட்டையைக் கிடங்கில் அடுக்கி வைத்துக்கொண்டு, கணக்கில் முழுச் சரக்கு என்று எழுதுவது போலத்தான்.

"ஆனா கிராஃப் ஏறுதே" என்பீர்கள். திரையில் காட்டிய அந்தப் படத்தை நன்றாக நினைத்துப் பாருங்கள் அண்ணே. ஆகஸ்ட்டில் ஆரம்பித்து அக்டோபரில் உச்சிக்குப் போன கோடு. அது ஒரு ஸ்வீட் கடையின் கோடு என்று அவரே சொன்னார். ஆகஸ்ட்டிலிருந்து தீபாவளி வரைக்கும் எந்த ஸ்வீட் கடையின் கோடு ஏறாது? என் கடைப் புத்தகத்தை எடுத்துக் கோடு போட்டாலும் அப்படித்தான் இருக்கும், எங்க அப்பா காலத்துக் கணக்கிலும் அப்படித்தான் இருக்கும். அதற்கப்புறம் நவம்பர், டிசம்பர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நமக்குக் கொடுக்கப் போகிற மூன்று மாதமும் சரியாக அதே மூன்று மாதம்தான்.

முதல் பக்கம் கேரண்டி என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எந்தத் தேடலுக்கு முதல் பக்கம் என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை. "கடலூர் முதுநகர் சுத்தமான நெத்திலிக் கருவாடு ஆன்லைன் ஹோம் டெலிவரி" என்று உலகத்தில் யாருமே தேடாத ஒரு வாக்கியத்துக்கு முதலிடம் வாங்கித் தர லிங்க்கே தேவையில்லை. அந்த வாக்கியத்தைப் பக்கத்தில் எழுதினால் போதும். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது.

அதே மாதிரிதான் "டி.ஏ. 50-க்கு மேல" என்று சொன்னதும். டி.ஏ. (டொமைன் அதாரிட்டி) என்பது மோஸ் என்ற ஒரு தனியார் கம்பெனி ஒரு வெப்சைட்டுக்குத் தன் கணக்கில் நூற்றுக்குப் போடுகிற மார்க். கூகுள் அதைப் பார்ப்பதில்லை. ஏறத்தாழ மதிப்பிட உதவும், அவ்வளவுதான். அந்த மார்க்கைக் குறுக்கு வழியில் ஏற்றுகிற வியாபாரமும் தனியாக நடக்கிறது.

எதிர்வாதம் ஒன்றையும் நான் மறைக்கக் கூடாது. லிங்க் வாங்கி இன்றைக்கும் மேலே நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல வாசகர்கள் உள்ள தளத்தில், பொருத்தமான கட்டுரையில், ஒரு லிங்க்கை நல்ல விலை கொடுத்து வாங்கினால் அது காசு லிங்க் என்று கண்டுபிடிப்பது கடினம். ஏற்றவும் செய்யலாம். ஆனால் அந்தச் சரக்கு 6,000 ரூபாய்க்கு 5,000 என்று மூட்டையில் வராது. கணக்குப் போட்டால் ஒரு லிங்க்குக்கு ஒரு ரூபாய் இருபது காசு. இந்த விலைக்கு ஒரு முந்திரிப் பருப்பாவது கிடைக்குமா, சொல்லுங்கள். அதுவும் போக, லிங்க்குக்கு இருந்த கனமும் குறைந்துகொண்டு வருகிறது. 2016-ல் கூகுள்காரர் ஒருவர், மிக முக்கியமான அளவுகோல்களில் இரண்டு உள்ளடக்கமும் லிங்க்கும்தான் என்று சொன்னார். 2023-ல் அதே கம்பெனியின் கேரி இலியஸ், லிங்க் முதல் மூன்றுக்குள் இல்லாமல் போய்ச் சில காலம் ஆகிறது என்றார். ரஷ்யாவில் யாண்டெக்ஸ் என்ற தேடுபொறி 2014-ல் மாஸ்கோ வட்டாரத்தின் வியாபாரத் தேடல்கள் சிலவற்றுக்கு லிங்க்கைக் கணக்கில் எடுப்பதையே நிறுத்திப் பார்த்தது. அடுத்த வருஷம் லிங்க் வாங்குகிறவர்களைக் கீழே தள்ள ஆரம்பித்தது. கூகுளுக்கு மட்டும் இருக்கிற தலைவலி இல்லை இது.

துணைத்தலைவர் அண்ணன் செலவில்லாத யோசனை ஒன்று சொன்னார். 40 கடையும் தன் பக்கத்தின் அடியில் மற்ற 39 கடைக்கும் லிங்க் போடுவது. மனசு நல்ல மனசு. ஆனால் அளவு மீறிய லிங்க் பரிமாற்றமும் கூகுளின் தடைப் பட்டியலில் இருக்கிறது. லாட்ஜ் பக்கத்தின் அடியில் கருவாட்டுக் கடை, பல் ஆஸ்பத்திரி, டைல்ஸ் கடை என்று இருந்தால் கூகுளை விடுங்கள், ரூம் போட வருகிறவர் என்ன நினைப்பார்? சங்கத்தின் வெப்சைட்டில் உறுப்பினர் பட்டியல் என்று ஒரே ஒரு பக்கம் வைத்து, ஒவ்வொரு கடை பற்றியும் நாலு வரி எழுதி லிங்க் கொடுத்தால் அது இயல்பான காரியம். யாரும் குறை சொல்ல முடியாது. அந்தப் பக்கம் இரண்டு வருஷமாக "விரைவில்" என்று நிற்கிறது என்பதைப் பொருளாளர் அண்ணன் கோபித்துக்கொள்ளாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காசு கொடுத்து லிங்க் போடுவதே குற்றம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். புதுச்சேரிக்கு வருகிற சுற்றுலாப் பயணிகள் படிக்கும் ஒரு தளத்தில், பிச்சாவரம் போகிற வழியில் நம் உறுப்பினரின் லாட்ஜ் இருக்கிறது என்று விளம்பரம் போடலாம். தாராளமாகப் போடலாம். அது விளம்பரம் என்று அந்த லிங்க்கில் ஒரு குறிப்பு சேர்த்துவிட்டால் போதும். 2005-ல் நோஃபாலோ என்று வந்தது, 2019-ல் விளம்பரத்துக்கென்றே ஸ்பான்சர்டு என்று தனிக் குறிப்பு வந்தது. ரேங்க்குக்கு அதனால் உதவி இருக்காது, ஆனால் ஆள் வருவார்கள். அந்த விளம்பரத்தால் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணவும் முடியும். எண்ண முடிகிற செலவுக்கு நான் என்றைக்கும் எதிரி இல்லை.

நம் கடைகளில் பாதிக்கு மேல் ஆன்லைனில் விற்பதே இல்லை என்பதையும் யோசியுங்கள். சில்வர் பீச்சில் நின்றுகொண்டு போனில் "பக்கத்தில் சாப்பாடு" என்று ஒருவர் தேடினால் முதலில் வருவது மேப். அங்கே கூகுள் பார்ப்பதாகச் சொல்வது மூன்று: தேடியதற்கும் கடைக்கும் பொருத்தம், தூரம், கடை எவ்வளவு பெயர் பெற்றது என்பது. தூரத்தை எந்த லிங்க்கும் குறைக்காது. போன வாரம் நம் உறுப்பினர் கடைகளை மேப்பில் தேடிப் பார்த்தேன். பதினான்கு கடைகளில் போன் நம்பர் தப்பு. மூன்று கடைகள் "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று இருக்கின்றன. அந்த மூன்றில் ஒரு கடையில்தான் அன்றைக்குக் காலையில் டீ குடித்தேன். இதைச் சரி செய்ய ஒரு பைசா செலவில்லை. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வைத்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். நல்ல போட்டோ எடுக்க ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கலாம். காசுக்கு ரிவ்யூ போடுகிறேன் என்று இதே மாதிரி இன்னொரு தம்பி வருவார். அவரையும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

என் புது வெப்சைட்டுக்கு நான் லிங்க் எதுவும் வாங்கவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் போன் செய்து "240-ன்னா என்ன, 320-ன்னா என்ன, எதுக்கு விலை வித்தியாசம்" என்று தினமும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் ஒரு பக்கம் எழுதிப் போட்டேன். ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப்பருப்பு என்பதுதான் அந்த எண், எண் கூடினால் பருப்பு சின்னது, பாயசத்துக்குத் துண்டே போதும், முழுப்பருப்புக்குக் காசு கொட்டாதீர்கள் என்று எழுதினேன். மாதிரிக் கொட்டையை எப்படி வெட்டிப் பார்ப்பது என்று போட்டோவோடு போட்டேன். வியாபார ரகசியத்தை வெளியில் சொல்கிறான் என்று சிலர் திட்டினீர்கள், ஞாபகம் இருக்கும். சமையல் எழுதுகிற சிலர், ஒரு விவசாயக் கல்லூரி மாணவர், வெளியூர் ஸ்வீட் கடைக்காரர் ஒருவர் என்று கேட்காமலேயே அந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தார்கள். மூன்று வருஷத்தில் மொத்தமே இருபத்திச் சொச்சம். 2011-ல் இருந்த இடத்துக்கு நான் இன்னும் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வருகிற போனில், "உங்க பக்கத்தைப் படிச்சேன்" என்றுதான் பாதிப் பேர் பேச ஆரம்பிக்கிறார்கள்.

கருவாட்டுக் கடை அண்ணனுக்கு எந்த மாசத்தில் எந்த மீன் காயும் என்று தெரியும். பலாக்காரருக்குத் தட்டிப் பார்த்தே பழத்தின் வயசு தெரியும். அதை எழுதச் சொல்லுங்கள், எழுத வராவிட்டால் பேசச் சொல்லுங்கள், நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன். 2,40,000 ரூபாயில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இல்லை, தீர்மானம் போட்டாகிவிட்டது, பின்வாங்க முடியாது என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். வேறு கடைகளுக்குப் போட்டுக் கொடுத்த லிங்க் பட்டியல் ஒன்றை அந்தத் தம்பியிடம் கேட்டு வாங்குங்கள். அவர் பொறுக்கி எடுத்த இருபது வேண்டாம், முழுப் பட்டியல். தரமாட்டேன் என்றால் அதுவே பதில். தந்தால் பொதுக்குழு அன்றைக்கு மேலே, நடுவே, அடியில் என்று நாமே இருபது எடுப்போம். புரொஜெக்டரில் ஒவ்வொன்றாகத் திறப்போம். நல்ல பருப்பு, சொத்தை, பொக்கு என்று செயலாளர் அண்ணன் போர்டில் கோடு போட்டுக்கொண்டே வரட்டும். லேப்டாப்பும் என் பழைய எக்செல் கோப்பும் நான் கொண்டு வருகிறேன். கிறுக்கர்களைச் சாப்பிடச் சொன்ன அந்தப் பக்கத்தை அப்போதே பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், அதையும்.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த உங்கள் உறுப்பினன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.